எரிந்தால் மட்டும் போதுமா?

ஒரு எல்.இ.டி. எரிய பேட்டரியும் ரெசிஸ்டரும் போதும்னு லேபில் படித்தோம். செல்போனுக்குள் அது போதாது. அங்கே ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலும், அதற்குள் டிரைவர் என்ற சிறு புரோகிராமும் வேண்டும்.

நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை நடந்தது. அதே 2006-இல்தான் லினக்ஸ் கெர்னலில் எல்.இ.டி.க்கென்று தனிப்பிரிவு வந்தது. ஒன்பது எல்.இ.டி.களை இயக்கும் எல்பி5523 என்ற சிப்புக்கு 2010-இல் டிரைவர் எழுதிக் கொடுத்ததும் நோக்கியாதான்.

இப்படிப்பட்ட புரோகிராமைச் சரிபார்ப்பவர் கேட்கும் முக்கியக் கேள்வி: "இந்த ஃபங்ஷன் தூங்குமா?"

சிப்புக்கு உத்தரவு ஐ2சி என்ற இரண்டு கம்பி வழியே போகிறது. 400 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் மூன்று பைட் போகவே சுமார் 70 மைக்ரோ செகண்ட். அதுவரை காத்திருப்பதுதான் தூக்கம். ஆனால் எல்.இ.டி.யை மினுக்கும் டைமர், தூங்கவே கூடாத இடத்திலிருந்து டிரைவரைக் கூப்பிடும். அங்கே தூங்கினால் போனே நின்றுபோகலாம். அதனால் நோக்கியாவின் டிரைவர் வெளிச்ச அளவை மட்டும் குறித்துக்கொண்டு, வேலையை 'ஒர்க் கியூ' என்ற வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பியது.

இந்தக் குறை எரியவைத்துப் பார்த்தால் தெரியாமலே போகலாம்; வரிவரியாகப் படித்தால் தெரியும்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். ஒரகடம்னாலே அசெம்பிளி லைன்தான்னு வீட்டில் நினைக்கிறார்கள். லினக்ஸ் வரிகள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. படிக்க யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை. போர்டைப் பொருத்தப்போகும் நாம், அதற்குள் ஓடுவதையும் படிப்போமே!