புளித்ததா, ஊசிப்போனதா?

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில், தேவநாத சுவாமி கோயிலைச் சுற்றி முகூர்த்த நாள்களில் கல்யாணங்கள் வரிசைகட்டி நடக்கும். காலையில் கட்டிய புளியோதரைப் பொட்டலத்தை மாலையில் வீட்டில் பிரித்துச் சாப்பிட யாரும் தயங்குவதில்லை. அதுவே வெறும் சோறு என்றால் முதலில் மோந்து பார்ப்போம். இரண்டும் ஒரே அரிசி, பட்டதும் ஒரே வெயில். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

மீந்த சோற்றின் நிலையைச் சொல்லத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு: புளித்தது, ஊசிப்போனது. முதலாவதைச் சாப்பிடுவோம், இரண்டாவதைக் கொட்டுவோம். நுண்ணுயிரியலும் இதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறது.

ஊசிப்போவது எப்படி?

பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. நெல்லோடு அடுக்களைக்கும் வந்துவிடும். உலை கொதிக்கும்போது பாக்டீரியா செத்தாலும், அதன் வித்துகளில் சில பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை விழித்துப் பெருகும். இந்த பாக்டீரியாவின் சில வகைகள் செரியுலைடு என்ற நஞ்சைச் சுரக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி வரும்.

சூடுபண்ணினால் சரியாகிவிடும் என்று நினைப்பது ஆபத்து. 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் செரியுலைடு அழியாது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சீன உணவகங்களில் ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் நோயுற்றதற்குக் காரணம் இதுதான். முந்தைய நாள் வடித்து வெளியே வைத்திருந்த சோற்றை மறுநாள் வறுத்துக் கொடுத்திருந்தார்கள்.

புளிப்பு என்ற காவல்

புளிப்பு ஏற ஏற இந்த பாக்டீரியா வளர முடியாது. புளியோதரையில் அந்தக் காவலைத் தருவது புளியிலுள்ள டார்டாரிக் அமிலம். தயிர் சாதத்தில் லாக்டிக் அமிலம். இரவில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழையதில் நாம் அமிலம் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. இரவோடு இரவாகச் சோறே அதை உண்டாக்கிக்கொள்கிறது.

சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றியதும் சூடு சட்டென்று தணிகிறது. மண்பானை என்றால், சுவரில் கசியும் ஈரம் ஆவியாகி இன்னும் குளிரவைக்கும். பானையிலும் காற்றிலும் இருந்து வரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், சோற்றிலுள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. காலையில் நீராகாரம் இலேசாகப் புளிப்பது இதனால்தான். இரவே ஒரு கரண்டி மோர் விட்டு வைப்பதில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது: நல்ல பாக்டீரியாக்களின் பெரும்படையை முன்கூட்டியே இறக்கிவிடுகிறோம். கெட்டவை தலையெடுப்பதற்குள் பானை புளிப்பின் வசமாகிவிடும்.

ஆறிய சோற்றில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. வேகும்போது அவிழ்ந்த மாவுச்சத்தின் இழைகள் குளிரக் குளிர மறுபடி நெருங்கி இறுகுகின்றன. நேற்றைய இட்லி உதிர்த்தால் பிசுபிசுக்காமல் உப்புமாவுக்கு வாகாக உதிர்வது இந்த இறுக்கத்தால்தான். இப்படி இறுகிய மாவுச்சத்தில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆய்விலும் இறங்கியது.

நேரம்தான் முக்கியம்

சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடலூரின் கடலோரப் புழுக்கத்தில் இந்த விதியை இன்னும் கண்டிப்பாகப் பிடிக்க வேண்டும். மதியம் வடித்துத் திறந்து கிடந்த சோற்றை இரவு பத்து மணிக்குத் தண்ணீரில் போட்டால் அது பழையதாகாது. அதற்குள் ஊசத் தொடங்கியிருக்கும். நூல் விட்டாலோ, தொட்டால் வழுக்கினாலோ, நாற்றம் அடித்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள். நாற்றமே இல்லாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், மூக்கைவிட நேரத்தையே நம்புங்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்து எழுந்ததும், படுக்கும்வரை காத்திருக்காமல், இரவு வடித்து மீந்த சோற்றில் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி, ஒரு கரண்டி மோர் விட்டு மூடிவையுங்கள். காலையில் உப்புப் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடோ கருவாட்டுக் குழம்போடோ சாப்பிடுங்கள். ஒரு பருக்கையும் வீணாகாது. உடம்புக்குக் கேடு வரும் வாய்ப்பும் குறையும்.