கட்டியின் பூர்வீகம்

தோலில் தோன்றும் கட்டிகளுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும், சில புற்றுநோயாக இருத்தல் கூடும். கிராமங்களில் இத்தகைய கட்டியைச் சூடு வைத்தோ, குதிரை மயிரால் இறுகக் கட்டியோ, அறுத்தோ நீக்கிவிட்டு, அந்தச் சதையை எறிந்துவிடும் வழக்கத்தை நாம் காண்கிறோம். எறியப்படுவது வெறுஞ் சதையன்று. நோயின் பூர்வீகத்தைக் கூறவல்ல சான்று அதுவே ஆகும்.

மருத்துவமனையில் அச்சதையை மெழுகில் பதித்து, மயிரிழையினும் மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் வழியே ஆராய்கின்றனர். ஆயினும், வெவ்வேறு உறுப்புகளிற் பிறந்த கட்டிகள் சிற்சில சமயங்களில் ஒரே தோற்றம் உடையனவாய் மயக்கம் தரும். அப்பொழுது துணை செய்பவையே திசு அடையாளப் பொருள்கள்.

அடையாளம் அறியும் முறை

பட்டியில் அடைபட்ட மாடு யாருடையது என்பதை அதன் சூட்டுக்குறியைக் கொண்டு நம் முன்னோர் அறிந்தனர். அதுபோலவே, உயிரணு எங்குச் சென்று தங்கினும், தான் பிறந்த இனத்திற்குரிய புரதங்களைப் பெரும்பாலும் தாங்கியிருக்கும். குறித்த ஒரு புரதத்தை மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளைச் சீவலின்மீது இட்டால், அப்புரதம் உள்ள இடம் நிறம் பெற்றுத் தோன்றும். எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயத்தைப் பிணைத்து இவ்வழியை 1941இல் காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஆல்பர்ட் கூன்ஸ். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு ஆக்கும் முறையைக் கோலரும் மில்ஸ்டீனும் 1975இல் வெளியிட்டனர். அதற்காக 1984இல் நோபெல் பரிசும் பெற்றனர்.

இதனால் விளையும் பயன்

மெலனோமா என்னும் கொடிய புற்று நம் நாட்டில் அரிது. தோன்றினால், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் மிகுதியாகத் தோன்றும். வயலில் உழைப்போர் அதனைக் காலாணி என்றோ, முள் தைத்த வடு என்றோ எண்ணி வாளாவிருத்தல் கூடும். கருநிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. எஸ்-100, சாக்ஸ்-10 ஆகிய அடையாளங்கள் அதனைக் காட்டிக்கொடுக்கும். தோலின் மேற்படலத்தில் எழுந்த புற்றாயின் கெரட்டின் என்னும் புரதம் புலப்படும்.

தோலிற் காணும் கட்டி வேறு உறுப்பிலிருந்து பரவி வந்ததாகவும் இருக்கலாம். நுரையீரலின் சிற்றணுப் புற்றும், தோலிற் பிறக்கும் மெர்க்கல் அணுப் புற்றும் பார்வைக்கு ஒத்தவை. முன்னதில் பெரும்பாலும் டி.டி.எஃப்-1 தோன்றும், பின்னதில் சி.கே-20 தோன்றும். நுரையீரலிலிருந்து வந்த கட்டியைத் தோலில் மட்டும் அறுத்து நீக்குவதால் நோய் தீராது. ஆகவே, சிகிச்சை இன்னதென்பதைப் பூர்வீகமே முடிவு செய்கிறது.

ஓர் அடையாளம் மட்டும் போதுமான சான்றன்று. எஸ்-100 நரம்புக் கட்டிகளிலும் தோன்றும். அதனாலேயே மருத்துவர் பலவற்றைச் சேர்த்துப் பார்க்கின்றனர்.

நாம் செய்ய வேண்டுவன

வளரும், நிறம் மாறும், இரத்தம் கசியும் கட்டியையும், ஆறாத புண்ணையும் மருத்துவரிடம் காட்டுக. நீக்கிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்க. அதனை உலரவிடாமலும் வெறுந் தண்ணீரில் இடாமலும், பத்து மடங்கு அளவுள்ள பத்து விழுக்காட்டு ஃபார்மலினில் உடனே இடுதல் வேண்டும். அறிக்கையை நிலப்பட்டாவைப் போல் பத்திரப்படுத்துக. மெழுகுப் பாளம் இருப்பின், பின்னாளிலும் புதிய சோதனை செய்ய இயலும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நோய்க்குறியியல் பிரிவு உண்டு. 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உண்டு. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இச்செய்தியைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாயின், ஓர் உயிரேனும் காலத்தில் காக்கப்படும்.