அல்சூரிலிருந்து அத்திப்பள்ளி வரை

ஒயிட்ஃபீல்டா, சர்ஜாபூர் ரோடா, எலெக்ட்ரானிக் சிட்டியா, இல்லை எல்லையைத் தாண்டி ஓசூருக்கே போய்விடலாமா? மூன்று வயதுக் குழந்தையோடு பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடும் தமிழ்க் குடும்பம் இன்று இந்தக் கேள்வியோடுதான் இரவு படுக்கப் போகிறது. கணவரின் அலுவலகம் ஒரு திசையில், மனைவியின் அலுவலகம் வேறொரு திசையில். ஊரில் இருக்கும் பாட்டி ஆறு மாதத்துக்குமேல் வந்து இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இவர்களுடைய தாத்தா தலைமுறையில் பெங்களூருக்கு வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் அநேகமாகக் கிடையாது. அவர்களுக்கு ஏரியாவை ஒன்று ஆலை முடிவு செய்தது, அல்லது முன்னால் வந்து சேர்ந்த மாமா முடிவு செய்தார்.

1809-ல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட் அமைத்தபோது, மதராஸ் படையோடும் அதன் பின்னாலும் வந்த தமிழர்கள் அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் குடியேறினார்கள். அதற்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வந்தவர்களின் திண்ணையில்தான் முதலில் பெட்டியை இறக்கினார்கள். வட ஆற்காட்டுக்காரர் பக்கத்தில் வட ஆற்காட்டுக்காரர். நாட்டு விடுதலையை ஒட்டி அரசுத் தொழிற்சாலைகள் வந்தன. 1940-ல் தனியாரிடம் தொடங்கிப் பிறகு அரசிடம் வந்த எச்.ஏ.எல்., 1948-ல் தூரவாணி நகரில் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.ஈ.எல். இவையெல்லாம் அன்றைய ஊருக்கு வெளியே, ராகி வயல்களுக்கு நடுவில் எழுந்தவை. ஆலையை ஒட்டி குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றி இறக்கும் பஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தவர் பாக்கியசாலி. கிடைக்காதவர் சுற்றுப்பட்ட கிராமங்களில் வாடகைக்குப் போனார்.

அந்த வாடகை வீடு பெரும்பாலும் நம் ஒண்டுக்குடித்தனம் மாதிரியானதுதான். ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாக எட்டுப் பத்து வீடுகள், நடுவில் குழாய், மூலையில் பொதுக் கழிப்பறை. கன்னடத்துக் குடும்பம், தெலுங்குக் குடும்பம், இரண்டு தமிழ்க் குடும்பம், ஒரு மலையாளி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரையும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. அது எந்த வீட்டில் சாப்பிடுகிறது என்பதே சில நாள் தாய்க்குத் தெரியாது. பள்ளிக்குப் போகும் முன்பே மூன்று பாஷை பேசிவிடும். இதைச் சொல்லும்போது பலருக்குக் கண் கலங்குகிறது. எனக்கு அவ்வளவு கலங்கவில்லை. அந்தக் குழாயடியில் நடந்த சண்டைகளும், 'நீங்க என்ன ஆளுங்க' என்று விசாரித்துவிட்டு வீடு இல்லை என்று திருப்பியனுப்பிய வீட்டுக்காரர்களும் அதே காலத்தவர்கள்தான். குழந்தையைப் பத்துக் கண்கள் பார்த்தன; அதே பத்துக் கண்கள் அதன் தாய் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பதையும் பார்த்தன. வேலைக்குப் போன பெண்கள் குறைவாக இருந்ததால்தான் அந்த ஏற்பாடு ஓடியது.

குழந்தைகளின் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று ஊருக்கு வெளியே குடிபோவது பெங்களூருக்குப் புதிதல்ல. 1898-ல் பிளேக் வந்து பேட்டைப் பகுதியில் கொத்துக் கொத்தாக ஆட்கள் இறந்த பிறகுதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் காற்றோட்டமான புறநகர்களாக வளர்ந்தன. கண்டோன்மென்ட் பக்கத்தில் பிரேசர் டவுன் உருவானதும் அதே பயத்தில்தான். நேரான தெருக்கள், வீட்டின் பின்னால் துப்புரவுச் சந்து, இடையிடையே பூங்கா. முதலில் மனை பிரித்து, சாக்கடை போட்டு, பிறகு ஆட்களைக் குடிவைத்தார்கள். இந்த வரிசையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நூற்றாண்டில் அது தலைகீழானது.

ஒயிட்ஃபீல்டின் கதை தனி. 1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ இந்தியர்களுக்காகக் கொடுத்த நிலத்தில், டி.எஸ். ஒயிட் என்பவர் பெயரில் அமைந்த ஊர் அது. நடுவில் வட்டமான மைதானம், சுற்றிலும் ஓட்டு வீடுகள், கொல்லையில் காய்கறித் தோட்டம். நூறு வருஷத்துக்கும் மேல் அது ஓய்வுபெற்றவர்களின் ஊராகவே கிடந்தது. பக்கத்து காடுகோடியில் சாய்பாபா ஆசிரமம், மெஜஸ்டிக்கிலிருந்து வரும் 335இ பஸ், அவ்வளவுதான். 1990-களின் இறுதியில் ஐ.டி.பி.எல். கட்டடங்கள் எழுந்தன. அதற்குப் பிறகு பத்தே வருஷத்தில் ஒயிட்ஃபீல்டில் வீடு கிடைப்பதும், அங்கிருந்து வெளியே வருவதும் ஒரே அளவுக்குக் கஷ்டமாகிவிட்டன. மறுகோடியில் எலெக்ட்ரானிக் சிட்டி. ஆர்.கே. பாலிகாவின் யோசனையில் 1970-களின் கடைசியில் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் தொடங்கியபோது அங்கே குடியிருக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பார்கள். 2010-ல் மேம்பாலச் சாலை திறந்த பிறகு சிரிப்பவர் இல்லை.

2007-ல் ஏழு நகராட்சிகளையும் ஒரு பட்டண நகராட்சியையும் 110 கிராமங்களையும் சேர்த்துப் பெருநகர மாநகராட்சியை உண்டாக்கினார்கள். அந்த 110 கிராமங்களில்தான் இன்றைய வாடகை அடுக்குமாடிகளில் பெரும்பகுதி நிற்கிறது. வரி உடனே வந்தது. காவிரிக் குழாய் வரவில்லை. நகரத்துக்கு முதன்முதலில் காவிரி வந்தது 1974-ல். இந்தக் கிராமங்களுக்கென்று ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2024 அக்டோபரில். மாநகராட்சியில் சேர்ந்ததிலிருந்து அதுவரை பதினேழு வருஷமும் போர் தண்ணீரும் டேங்கரும்தான். மல்லேஸ்வரத்தில் சாக்கடை போட்ட பிறகு ஆள் வந்தார்கள். மாரத்தஹள்ளிக்கு அப்பால் ஆள் வந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு குழாய் வந்தது.

எங்கள் தலைமுறையில் வீடு பார்க்கப் போனவர்கள் கேட்ட முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பது. இப்போது கைக்குழந்தையோடு போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, சம்ப்பில் விழுவது எந்தத் தண்ணீர் என்று. 2024 மார்ச்சில் என்ன நடந்தது என்பதை மறக்கக்கூடாது. நகரத்தில் இருந்த சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டதாக அரசே சொன்னது. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. பெரிய பெரிய குடியிருப்புகளில் வேளைக்கணக்கில் தண்ணீர் விட்டார்கள். துணி டயப்பரை நம்பியிருந்த தாய்மார்கள் கடையில் விற்கும் டயப்பருக்கு மாறினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு கோடி செப்டம்பர். 2022 செப்டம்பரில் சர்ஜாபூர் ரோடு ரெயின்போ டிரைவ் லேஅவுட், ஏமலூர், பெல்லந்தூர் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்து, கோடீஸ்வரர்கள் டிராக்டரில் ஏறி வெளியே வந்த படங்களை நாடே பார்த்தது. ஏரிக்கு ஏரி நீரைக் கொண்டுபோன ராஜகால்வாய்கள் மேல் கட்டடம் வந்தால் நீர் வேறெங்கே போகும்? பெல்லந்தூர் ஏரி நுரைத்துத் தீப்பிடித்த 2017-லும் அதன் கரையில் டூ-லெட் போர்டுகள் தொங்கத்தான் செய்தன. ஜனவரியில் வீடு பார்க்கப் போனால் எல்லா ஏரியாவும் அழகாகத்தான் தெரியும். அதனால் நான் யாருக்கும் சொல்வது: மேஸ்திரியையோ புரோக்கரையோ கேட்காதீர்கள். எதிர்வீட்டு மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். மார்ச்சில் டேங்கர் எத்தனை வந்தது, செப்டம்பரில் கடைப் படிவரை தண்ணீர் வந்ததா, இரண்டும் அவருக்குத் தெரியும். பொய் சொல்வதால் அவருக்குக் கமிஷன் இல்லை.

அட்வான்ஸ் விஷயம் மட்டும் பெரிதாக மாறவில்லை. பத்து மாத வாடகை என்பது பெங்களூரின் பழைய வழக்கம். மாதம் 25,000 வாடகை என்றால் இரண்டரை லட்சத்தை வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கொடுத்துவைக்க வேண்டும். பெரிய அடுக்குமாடிகளில் இது ஐந்து, ஆறு மாதமாகக் குறைந்திருக்கிறது. 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் போதும் என்றது. மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும் என்பதால் வீட்டுக்காரர்கள் அதைப் படிக்கும் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் இன்றும் பதினொரு மாதம்தான். ஓராண்டுக்கு மேல் என்று எழுதினால் பதிவு செய்ய வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பதினொன்று. குழந்தையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்துவிட்டு, பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வீடு நிலைக்குமா என்று காத்திருக்கும் நிலை அன்றைய குவார்ட்டர்ஸ்காரருக்கு இல்லை. ஓய்வுபெறும்வரை அவர் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தார்கள்.

பெண்கள் வேலைக்குப் போனதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம். 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு தடவை போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. நல்ல சட்டம். ஆனால் அலுவலகத்திலேயே காப்பகம் என்றால் இரண்டு வயதுக் குழந்தையும் அவுட்டர் ரிங் ரோட்டு நெரிசலில் காலையும் மாலையும் உட்கார வேண்டும். வீட்டுப் பக்கத்து டே-கேரில் விட்டால், அது மூடுவதற்குள் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி யார் வந்து சேர்வது என்று தினமும் மாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சுவார்த்தை. இந்தச் சிக்கலைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு தீர்மானம் வந்துவிட்டது. வீட்டை முதலில் பிடித்துவிட்டு டே-கேர் தேடுவது தவறான வரிசை. நல்ல டே-கேரைக் கண்டுபிடியுங்கள், அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு பாருங்கள். அலுவலக தூரத்தைப் பெரியவர்களில் ஒருவர் சுமக்கட்டும்.

தமிழர்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு இருந்தது. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்த கலவரத்துக்குப் பிறகு, 'நம்ம ஆளுங்க இருக்கிற ஏரியாவா' என்பது வாடகைக்குப் போகிறவர்கள் வாய்விட்டுக் கேட்கும் கேள்வியானது. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தபோது மறுபடி கேட்டார்கள். இன்று அடுக்குமாடியில் இருக்கும் இளம் தம்பதிகள் அதைக் கேட்பது அபூர்வம். அங்கே பயம் குறைந்திருக்கிறது, கன்னடமும் குறைந்திருக்கிறது. ஐ.டி.ஐ. காலனிப் பிள்ளை தெருவில் கற்ற கன்னடத்தை, இன்றைய பிள்ளை கேட்டுக்குள் ஆங்கிலமும் இந்தியும் பேசி வளர்ந்துவிட்டுப் பள்ளியில் பாடமாகப் படிக்கிறது. எல்லாப் பள்ளிகளிலும் கன்னடம் கற்பிக்க வேண்டும் என்று 2015-லேயே சட்டம் வந்துவிட்டது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடிவருகிறவர்கள் பத்து வாக்கியம் கன்னடம் கற்றுக்கொண்டால் வாட்ச்மேனிலிருந்து டேங்கர்காரர்வரை எல்லோரோடும் பேச்சு எளிதாகும். அதை மட்டும் ஏன் இவ்வளவு தள்ளிப்போடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

வெளியூரில் இருந்துகொண்டு பெங்களூரில் சம்பாதிப்பதும் பழைய வழிதான். கோலார் தங்கவயலில் 2001-ல் சுரங்கம் மூடியபின், அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஊரைவிட்டுப் போகவில்லை. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் வந்து வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு சேரும் அப்பாக்கள் அங்கே இன்றும் ஆயிரக்கணக்கில். ஓசூர் அதைவிடப் பக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். வாடகை குறைவு, தமிழ்ப் பள்ளிகள் உண்டு, அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு உண்டு, ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் செல்லும். ஒரு காலத்தில் சிப்காட் வேலைக்காக வந்தவர்களின் ஊர் அது. இப்போது பெங்களூர்ச் சம்பளக்காரர்களின் ஊராகவும் ஆகிவருகிறது. 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

ஆனால் அத்திப்பள்ளி எல்லையில் வண்டிகள் நிற்பதைப் பார்த்தவர்கள் வாடகையில் மிச்சப்பட்டதை நேரத்தில் கட்டுகிறோம் என்று சொல்வார்கள். பலர் யோசிக்காத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகத்தில் ஜூன் முதல் தேதிக்குள் ஆறு முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. 2025-26-க்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் என்று தளர்த்தினார்கள். ஓசூரில் யு.கே.ஜி. படிக்கும் பிள்ளையை அடுத்த வருஷம் எல்லைக்கு இந்தப் பக்கம் கொண்டுவருகிறவர்கள், வீட்டை மாற்றுவதற்கு முன் பிறந்த தேதியை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டு காடுகோடியிலிருந்து சல்லகட்டாவரை மெட்ரோ முழுதாக ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திராவரை மஞ்சள் தடம் வந்தது. தொடக்கத்தில் மூன்றே ரயில்கள், இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒன்று. அதுவே ஓசூர் ரோட்டில் வீடு தேடுகிறவர்களின் கணக்கை மாற்றிவிட்டது. பொம்மசந்திராவிலும் ஹெப்பகோடியிலும் டூ-லெட் போர்டில் இப்போது மெட்ரோ எவ்வளவு பக்கம் என்றும் எழுதுகிறார்கள், வாடகையும் அதற்கேற்ப ஏறுகிறது. விலை தாங்காதவர்கள் சந்தாபுரத்துக்கும் ஆனேக்கல்லுக்கும் நகர்கிறார்கள். அங்கிருந்து நகரத்துக்குள் வர ஹீலலிகே – ராஜானுகுண்டே புறநகர் ரயில் உதவும் என்கிறார்கள். 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2022 ஜூனில். ரயில் வரட்டும், சந்தாபுரத்தில் வீடு பார்க்கிறவர்கள் அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம்.