விழியின் வரிகளை அளப்பது எப்படி?

ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கருங்கல் உடைத்தும் அறுத்தும் மெருகேற்றியும் பிழைப்பவர்கள் பலர். கல்லோடும் சிமெண்டோடும் நாள்தோறும் உராய்வதால் விரல்நுனி ரேகைகள் தேய்ந்து மழுங்கிவிடும். நியாயவிலைக் கடைக் கருவியில் விரலை வைத்தால் ரேகை பதியாமல் போவதுண்டு. அரிசி வாங்க வந்தவர், தாம் இன்னார்தான் என்பதை எப்படி மெய்ப்பிப்பார்? 2010-இல் தொடங்கிய ஆதார் பதிவில் பத்து விரல்களோடு இரு கண்களையும் சேர்த்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணில் எதைப் பதிவு செய்கிறார்கள்? நடுவிலுள்ள கரிய துளை பாவை. அதைச் சுற்றியுள்ள வளையம் ஐரிஸ். செய்தித்தாள்கள் கருவிழி என்பது இதைத்தான். நார்களும் பள்ளங்களும் மடிப்புகளும் பின்னிக் கிடக்கும் பரப்பு இது. தாயின் வயிற்றிலேயே, எட்டாம் மாதத்திற்குள் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. நிறத்தைப் பாரம்பரியம் தீர்மானிக்கிறது. நுண்ணிய வரிகளையோ பெரும்பாலும் தற்செயலே தீர்மானிக்கிறது. ஆகவே ஒருகரு இரட்டையருக்கும் வரிகள் வேறு. ஏன், உங்கள் இடக்கண்ணும் வலக்கண்ணும்கூட ஒன்றல்ல!

"என் கண்ணில் ஒரு வரியும் தெரியவில்லையே?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம்மவர் கண்ணில் மெலனின் என்னும் நிறமி மிகுதி. புலனாகும் ஒளியை அது விழுங்கிவிடுகிறது. ஆனால் 700 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள அண்மை அகச்சிவப்பு ஒளியை அவ்வளவாக விழுங்குவதில்லை. அவ்வொளியில் படமெடுத்தால் கரிய விழியிலும் வரிகள் துலங்கும்.

இனி அளக்கும் முறை. இதை வகுத்து 1994-இல் காப்புரிமை பெற்றவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன். பாவை வெளிச்சத்தில் சுருங்கும், இருட்டில் விரியும். வளையமும் அதற்கேற்ப மாறும். எனவே கணிப்பொறி முதலில் வளையத்தின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் கண்டு, ரப்பரை இழுப்பதுபோல் அதை ஒரே அளவுள்ள நீள்செவ்வகமாக விரித்துக்கொள்கிறது. பிறகு இடத்துக்கு இடம் கருமையும் வெண்மையும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்த்து 0 அல்லது 1 என்று குறிக்கிறது. மொத்தம் 2048 இலக்கங்கள்.

இரண்டு வெவ்வேறு கண்களை ஒப்பிட்டால் ஏறத்தாழப் பாதி இலக்கங்கள் மாறுபடும். ஒரே கண்ணை இருமுறை எடுத்தாலும் இமைமயிர், ஒளிப் பிரதிபலிப்பு ஆகியவற்றால் கொஞ்சம் மாறும். மாறுபாடு 100-க்கு 32-க்கும் குறைந்தால் ஒரே கண் என்று கொள்ளலாம். இவ்வளவு தாராளமா என்று அஞ்ச வேண்டாம். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், 2048 இருந்தும், சுயேச்சையானவை சுமார் 249-க்குச் சமம் என்று டாக்மன் கணக்கிட்டார். 249 முறை பூவா தலையா போட்டு, தலை 80-க்கும் குறைவாக விழ வேண்டும்! ஆட்டத்தைக் கோடி தடவை ஆடினாலும் அது நிகழ்வது அரிது.

ஒரு தொல்லை உண்டு. கண்புரை, ஐரிசுக்குப் பின்னாலுள்ள லென்சில் வருவது, வரிகளை மறைக்காது. ஆனால் அறுவைக்குப்பின் சிலருக்குப் பாவையின் வட்டம் கோணலாகி, அருகிலுள்ள வரிகளும் சிதைவதுண்டு. அப்போது பழைய பதிவோடு பொருந்தாமல் போகலாம். ரேகை தேய்ந்த முதியவர்களுக்கே புரையும் வருகிறது என்பதுதான் சங்கடம். உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அப்படி நேர்ந்தால், ஆதார் மையத்தில் கண்ணைப் புதிதாகப் பதிந்துகொள்ள வழியிருக்கிறது.