ஒரு பெட்டிக்கு ஓர் உயிர்

“அண்ணாச்சி, இகுவானாவும் பியர்டட் டிராகனும் ஒரே பெட்டியில கிடக்கலாமா?” என்று திருவேங்கடத்துத் தம்பி ஒருவர் கேட்டார். இரண்டும் பல்லியினம்தான், ஆனாலும் கூடாது. ஏனென்று டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம்.

எதையும் சேர்த்து வைக்குமுன் முதலில் ஆணா, பெண்ணா என்று பார்ப்போம். நம் கரிசல் காட்டு ஓணானைப் பாருங்கள். தலையும் கழுத்தும் சிவந்து, முன்னங்காலை ஊன்றித் தண்டால் எடுத்தால் அது ஆண். ஆனால் இணைசேரும் பருவம் போனதும் சிவப்பு மங்கிவிடும். நிறத்தை மட்டும் நம்ப முடியாது.

இகுவானா குட்டியைப் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ‘ஜோடி’ என்று சொல்லி விற்றால் நம்பிவிடாதீர்கள். வளர்ந்த பிறகு பின்தொடையின் அடிப்புறத்தைப் பாருங்கள். அங்கே வரிசையாகத் துளைகள் இருக்கும். ஆணுக்கு அவை பெருத்து, மெழுகு போன்ற பொருள் முள்முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு வெறும் புள்ளிகளாகத் தெரியும். கழிவுத்துளைக்குப் பின்னால், வால் தொடங்கும் இடத்தில் இரண்டு புடைப்புகள் தெரிந்தால் ஆண்தான். பார்ப்பதற்காக வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்துவிடும். கழிவுத்துளைக்குள் கம்பி விட்டுச் சோதிப்பது மருத்துவர் வேலை.

இது ஏன் தெரிய வேண்டும்? இரண்டு ஆண்களைச் சேர்த்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். கடிக்காவிட்டாலும், வலுத்தது வெப்ப விளக்கடியைப் பிடித்துக்கொள்ள, மற்றது இரை எடுக்காமல் மெலியும். பெண் இகுவானா ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். தோண்டி முட்டையிட மண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது, இனம் பிரித்து வைப்பது. இகுவானா மத்திய, தென் அமெரிக்கக் காட்டு மரங்களில் வாழ்வது. இலைதழை தின்னும், காற்றில் நல்ல ஈரம் வேண்டும். பியர்டட் டிராகன் ஆஸ்திரேலிய வறண்ட நிலத்தது; பூச்சியும் தின்னும், ஈரம் மிகுந்தால் நோய்ப்படும். ஒன்றுக்கு ஏற்றபடி பெட்டியை அமைத்தால் மற்றது வாடும். ஓர் இனத்தின் குடலில் தொல்லை தராத ஒட்டுண்ணி இன்னொன்றுக்கு எமனாகலாம். வளர்ந்த இகுவானா வாலோடு சேர்த்து ஐந்தடியைத் தாண்டக்கூடும். பக்கத்தில் சின்னது என்ன பாடுபடும்!

சட்டத்தையும் மறக்கக் கூடாது. இகுவானா வைத்திருப்பவர்கள் ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அதன் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் ஊர் உடும்பைப் பிடித்து வளர்ப்பதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆகவே தம்பி, இரண்டாவது பெட்டிக்கு இடமும் காசும் இருந்தால் மட்டும் இரண்டாவது உயிரை வாங்குங்கள். இல்லையென்றால் இருக்கிற ஒன்றை நன்றாக வளருங்கள்.