மலையின் கதை யார் பெயரில் அச்சாகிறது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில், கரியாலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். காஞ்சியிலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்களது தொல்கதை. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் அது பதிவாகியுள்ளது. நூலாசிரியராகத் தர்ஸ்டனும் உதவியாளராக ரங்காச்சாரியும் அறியப்படுகின்றனர். கதைக்கு உரியவர்களோ ஆய்வுப்பொருளாயினர், ஆசிரியர்களாகவில்லை.

இந்நிலை மாறக்கூடியதே என்பதற்கு மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டுகள் சான்று. இவர்கள் 'பானா' என்னும் நரம்புக்கருவியை மீட்டிக் குலவரலாறு பாடிய பாணர் மரபினர். அம்மரபை ஜன்கட் சிங் ஷியாம் தாளில் ஓவியமாக்கினார். அவர் வழியில் வந்த பஜ்ஜு ஷியாம், தம் லண்டன் பயணத்தை 'லண்டன் ஜங்கிள் புக்' என்னும் ஓவிய நூலாக்கினார். சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் அதனை வெளியிட்டது. அதில் பிக் பென் கடிகாரக் கோபுரம் சேவலோடு இணைகிறது; கோண்டு ஊரில் பொழுதை அறிவிப்பது சேவலன்றோ! நிலத்தடி ரயில் மண்ணுக்குள் ஊரும் புழுவாகிறது. ஆக, மரபு காட்சிப்பேழையில் வைக்கும் பழம்பொருளன்று. புதிய உலகை அளக்கும் கோல்.

பஜ்ஜு ஷியாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவரும் மரங்கள் குறித்த கோண்டுக் கதைகளைக் கொண்டு 2006இல் உருவாக்கிய நூல், 2008இல் போலோனியா சிறார் நூல் கண்காட்சியின் விருதைப் பெற்றது. நூலாசிரியர்களாக அம்மூவரின் பெயர்களே உள்ளன. துர்காபாயும் சுபாஷ் வியாமும் 2011இல் 'பீமாயணா'வுக்கு வரைந்தபோது, தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவன் அம்பேத்கரின் கதையும் கோண்டு ஓவியமொழியில் பேசியது.

கல்வராயன் மலைக்கும் சொல்ல வேண்டிய கதை உண்டு. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த மலை இது. ஊதியமின்றி உழைத்த பாட்டன்மாரின் நினைவும், மூவர் கதையும், சாமை விளையும் சரிவுகளும் பேரப்பிள்ளைகளின் உடைமை. ஆயினும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நேர்ந்த விஷச்சாராயச் சாவுகளுக்குப் பின், இம்மலை செய்திகளில் சாராயத்தோடு இணைத்தே பேசப்பட்டது. தம்மைக் குற்றத்தின் பின்னணியாக மட்டுமே அச்சில் காணும் குழந்தை, எழுத்தைத் தனதென்று எங்ஙனம் கொள்ளும்?

நாம் கோருவது இரக்கமன்று, உரிமை. உண்டு உறைவிடப் பள்ளி நூலகங்களில் பழங்குடியினரே எழுதிய சிறார் நூல்கள் வேண்டும்; மலைப்பேச்சு 'திருத்தப்படாமல்' அச்சேற வேண்டும்; அட்டையில் பெயரும், உரிமைத்தொகையும் கதைக்குரியவர்களுக்கே சேர வேண்டும்.