அவதானம்: மந்திரமா, பயிற்சியா?

பிறர் மனத்தில் உள்ளதைக் கூறுவோரையும், ஒருமுறை கேட்டதை மறவாது ஒப்புவிப்போரையும் கண்டால், "ஏதோ தேவதையை வசியம் செய்தவர்" என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். அப்படிச் சொல்லிவிட்டால், நாம் முயலவேண்டிய பொறுப்பும் நீங்கிவிடுகிறதன்றோ?

தமிழில் இக்கலைக்கு அவதானம் என்று பெயர்; கவனகம் என்றும் கூறுவர். ஒரே வேளையில் எட்டு விஷயங்களைக் கவனித்து விடையளிப்பவர் அட்டாவதானி, நூறாயின் சதாவதானி. முதுகில் எறியப்படும் கற்களையும் இடையிடையே ஒலிக்கும் மணியையும் எண்ணிக்கொண்டே, கணக்குக்கு விடை கூறி, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாவும் பாடவேண்டும்.

யாழ்ப்பாணத்துப் புலோலியிற் பிறந்து, திரு. வி. க. வுக்குத் தமிழ் கற்பித்த நா. கதிரைவேற்பிள்ளை ஒரு சதாவதானி. நாஞ்சில் நாட்டு இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தார். இஸ்லாமியராகிய அவரை மடக்க எண்ணிய ஒருவர், துருக்கனுக்கு இராமனைத் துணையாக்கும் ஈற்றடியைக் கொடுத்தாராம். பாவலரோ முன்னே 'சத்' என்பதைச் சேர்த்து, அவனை இராமன் தம்பி சத்துருக்கனாக்கிவிட்டார் என்பர். இராமகாதையையும் சொல்லிலக்கணத்தையும் ஆழக் கற்றவர்க்கன்றி இது வாய்க்குமா?

பயிற்சி முறையோ எளிது. நீண்ட எண்ணை மும்மூன்றாகப் பிரித்து மனத்திற் கொள்ளுங்கள். பெயர்களை நினைவிலிருத்த, பழைய கிரேக்க, உரோமப் பேச்சாளர் கையாண்ட இடமுறை உதவும். லிந்துலைத் தோட்டத்து மாணாக்கர் ஒருவர் லயத்து வாசல், கோவில், பெரட்டுக்களம், கொழுந்து மடுவம் என நாள்தோறும் நடக்கும் வழியை மனக்கண்ணிற் காண்பாராக. லயத்து வாசலில் களனி ஓடட்டும்; பெரட்டுக்களத்தில் மகாவலி பெருகட்டும்; மடுவத்துத் தராசில் வளவையை நிறுக்கட்டும். விசித்திரமான காட்சி எளிதில் மறவாது. பின்னர், ஒருவர் இடையிடையே மணியடிக்க, அதை விரல்மடிப்பில் எண்ணியவாறே பாடம் ஒப்புவித்துப் பழகலாம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்; இடைவிடாமையே முக்கியம்.

மனத்தைப் படிப்பதாக மேடையிற் காட்டுவோரின் மூலதனமும் இந்த நினைவும், முகக்குறிப்பை நோக்கும் கூர்மையும், சில தந்திரங்களுமே. வேடிக்கையாயின் கண்டு மகிழலாம். அதனையே தெய்வசக்தியென்று கூறி, உழைத்தவர் கூலியைப் பறிப்பவரை வாசலிலேயே நிறுத்திவிடவேண்டும்.

"தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்னும் சொல்லையும் அவருடனேயே அனுப்பிவிடுவோம். சரிவிற் கால் வழுக்காமல், இரு கைகளாலும் கொழுந்து தேர்ந்து கொய்து, பக்கத்து நிரையிலுள்ளவளுக்கு மறுமொழியும் கூறுகின்றாளே தாய், அவள் செய்வதும் அவதானமே. அவள் மலையிற் பழகியதை மகன் புத்தகத்திற் பழகட்டும்.